பல் எண்ணி வாங்கிய பிளேடு

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, பகலில் முறைத்துக்கொண்டாலும் படுக்கப் போவதற்குள் சமாதானமாகி இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். இங்கே நானும் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று போன மூன்று கடிதத்திலும் எழுதினேன், அதெல்லாம் கடிதத்துக்காக எழுதியது, இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ நடுநடுவே சரிம்மா சரிம்மா என்பாய், எனக்குச் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும், இது அப்படி நிற்க வேண்டிய விஷயம் இல்லை. காப்பி போட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்து நிதானமாகப் படி. முடி கொட்டுகிறது என்று சொன்னாயே, அதற்கும் இதில் ஒரு பதில் வரும், தாண்டிப் போய்விடாதே.

நீ கேட்ட கேள்விக்கு முதலில் வருகிறேன். பட்டறையை மூடிவிட்டு மிஷின்களை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்து எங்களோடு இருந்துவிடுங்கள் என்று கேட்டாய். நீ கேட்டதில் தப்பே இல்லை, ஏணியிலிருந்து விழுந்து வலது தோள் முறிந்து உள்ளே தகடு வைத்த மனுஷனைத் தூரத்தில் இருந்து நினைத்துப் பார்க்கிற பிள்ளை வேறு என்ன கேட்கும். நான்தான் பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். பதில் என்னிடம் இல்லையம்மா, பட்டறையில் கிடந்த இரண்டு பலகையிடம் இருந்தது. நூலகத்து அம்மாவை உனக்கு நினைவிருக்கும், நீ புத்தகத்தில் பூ வைத்துத் திருப்பிக் கொடுத்ததற்குத் திட்டாமல் பூவின் பெயரைச் சொன்னவர். அந்த நூலக வாசலில் நின்ற மரம் காற்றில் சாய்ந்தபோது அதை விறகுக்கு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை, மில்லில் கொடுத்து இரண்டு அகலப் பலகையாக அறுத்து, காய்வதற்கு நம் பட்டறையில் கொண்டுவந்து போட்டார், காய்ந்ததும் வாசிக்கிற கூடத்துக்கு ஒரே நீள மேஜையாகச் செய்து தாருங்கள் என்று அப்பாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அது அப்பா விழுவதற்கு முன்னால். விழுந்த பிறகு அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார், இந்த ரெண்டு பலகையையும் என் கையால முடிச்சுட்டா பட்டறை இருக்கும், முடியலைன்னா சாவியைக் குடுத்துட்டு பொண்ணு வீட்டுல போய் டிவி பாத்துக்கிட்டு உக்காந்துக்கலாம் என்று. அவர் விளையாட்டாகச் சொல்வது போலச் சொன்னார், ஆனால் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. பழைய மிஷின் வாங்குகிறவர் ஒருவர் அதற்குள் இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார், ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வந்தவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒவ்வொரு மிஷினாகத் தொட்டுப் பார்ப்பார், எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை, பாவம், அவர் தொழில் அது.

இப்போது உனக்கு அந்தப் பலகையின் சங்கடத்தைச் சொல்ல வேண்டும். மரம் எப்படி வளைந்து வளர்ந்ததோ அதே வளைவு பலகையின் ஓரத்திலும் இருக்கிறது, ஆற்றங்கரை மாதிரி உள்ளே போய் வெளியே வருகிறது. மேஜையாக்க வேண்டுமானால் இரண்டு பலகையிலும் ஒரு பக்கத்தை நெட்டுவாக்கில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நூல் பிடித்த மாதிரி நேராக அறுத்து, அறுத்த ஓரம் இரண்டையும் முத்தமிட வைத்து ஒட்ட வேண்டும். முன்பானால் பெரிய மிஷினில் பலகையை வைத்துத் தோளைக் கொடுத்துத் தள்ளுவார், ரம்பம் நின்ற இடத்தில் சுற்றும், மரம் போகும். இப்போது டாக்டர் தண்ணிக்குடத்தைக்கூடத் தள்ளாதே என்கிறார். அதனால்தான் நீ அனுப்பியதை எடுத்தார். அது வந்த நாளில் என்ன சொன்னார் என்று நான் உன்னிடம் சொல்லவே இல்லை, இப்போது சொன்னால் பரவாயில்லை. பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அலுமினியத்தில் தண்டவாளம், அதுமேல ஓடுறதுக்கு ஒரு மிஷின், கை போனவனுக்கு வெளையாட ரயில் வாங்கி அனுப்பிருக்கா உன் பொண்ணு என்று சொல்லி மூடி வைத்துவிட்டார். நல்லது நடந்தால் என் பொண்ணு, கோபம் வந்தால் உன் பொண்ணு, அது உனக்குத் தெரிந்ததுதான். நான் அதன்மேல் என் பழைய புடவை ஒன்றைப் போர்த்தி, கூட்டும்போதெல்லாம் தூசி தட்டி வைத்தேன்.

அன்றைக்குக் காலையில் அவராகவே புடவையை விலக்கினார். பலகையை மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைக்க எதிர்வீட்டு டிரைவரும் அவர் மச்சானும் வந்து கைகொடுத்தார்கள், போய்விட்டார்கள். தண்டவாளத்தைப் பலகையின்மேல் நீளமாகப் போட்டு மிஷினை அதில் உட்கார வைத்தார். பிளேடு வயிற்றுக்குள் ஒளிந்திருக்கிறது, கைப்பிடியை அழுத்தினால் மரத்துக்குள் மூழ்குகிறது, அப்படியே முன்னால் நகர்த்த வேண்டியதுதான். மரம் கிடந்த இடத்திலேயே கிடக்க ரம்பம் நடந்து போகிறது, இப்படி ஒன்றை யோசித்தவன் நல்லா இருக்கட்டும் என்று மனசில் நினைத்துக்கொண்டேன். நினைத்து முடிப்பதற்குள் அது அலற ஆரம்பித்துவிட்டது. நல்லவேளை, முதல் தடவை என்று அப்பா பென்சில் கோட்டுக்கு வெளியே, கழிவாகப் போகிற ஓரத்தில்தான் ஓட்டினார். இரண்டு சாண்கூடப் போகவில்லை, புகை வந்தது, அடிப்பிடித்த பால் மாதிரி வாடை, மிஷின் திணறியது, அப்பா இன்னும் அழுத்தித் தள்ளினார், பல்லைக் கடித்தது எனக்குத் தெரிந்தது, மிஷின் நின்றுவிட்டது. தூக்கிப் பார்த்தால் அறுத்த தடம் முழுக்கக் கரி. அவர் மிஷினைத் தரையில் வைத்தார். தோளைப் பிடித்துக்கொண்டார். கை போச்சு என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்காத வார்த்தை அது. பிறகு கைகால் கழுவிவிட்டு வந்து பட்டறைச் சாவியை என் கையில் வைத்து, அந்த ஆள்கிட்டச் சொல்லிடு என்றார். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மிஷின் வாங்குகிறவருக்குப் போன் போட்டு அடுத்த வாரம் வாங்க என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆண்டவனிடம் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை, கையைக் கொடு என்று கேட்டால் டாக்டர் வேலையை ஆண்டவனுக்கே சொல்லித்தருகிற மாதிரி இருக்கிறது, அதனால் எனக்குக் கண்ணைக் கொடு, எதைப் பார்க்க வேண்டுமோ அதைக் காட்டு என்று கேட்டுவிட்டு, மிஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் ஒரே விஷயத்தை உலகத்தில் இருக்கிற பாஷையில் எல்லாம் எழுதியிருக்கிறான், நம் பாஷையை மட்டும் விட்டுவிட்டான். நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் பொறுக்கிக்கொண்ட இங்கிலீஷ் எனக்குப் போதும், மிச்சத்துக்குப் படம் இருந்தது. பிளேடைக் கழற்றி மாட்டலாம், அதில் பல ரகம் இருக்கிறது, ரகத்துக்கு ரகம் பல் எண்ணிக்கை வேறு என்கிற வரைக்கும் விளங்கியது. அவ்வளவுதானே, இந்த பிளேடு சரியாகக் கடிக்கவில்லை, இதைவிடப் பல் கூட இருக்கிற பிளேடாக வாங்கிப் போட்டால் கடிக்கும் என்று நானே தீர்மானித்துவிட்டேன். சிரிக்காதே, முழுக்கக் கேள். பழைய பிளேடில் எழுதியிருந்த வட்டத்தின் அளவு, நடு ஓட்டையின் அளவு இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு மிஷின் சாமான் கடைக்குப் போனேன்.

அந்தக் கடைக்காரரை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுகிறார்கள், சாப்பிடும்போதும் கழுத்தில் அளவு டேப் தொங்கும். எதுக்கு வேணும் என்றார், மரம் அறுக்க என்றேன். அம்மா, மரம் அறுக்கத்தான் எல்லாருமே வாங்குறாங்க, என்ன மரம், எப்படி அறுக்கணும் என்றார், எனக்கு அது தெரியவில்லை, தெரியாததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை, இந்த அளவில் இருக்கிறதை எல்லாம் காட்டுங்கள் என்றேன். சுவரில் ஒன்று மாட்டியிருந்தது, பல் பதினாலோ என்னவோ, ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் பெரிய பெரிய குழி, பல் கொட்டின தாத்தா சிரிக்கிற மாதிரி இருந்தது, விலையைக் கேட்டால் மற்றதைவிடக் கூட. பல்லே இல்லாததுக்கா இவ்வளவு என்று கேட்டேன். டேப்பு அடுத்த பிளேடை எடுத்துப் போட்டார், என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ. நான் கணக்குப் பார்க்கிறவள், உனக்குத் தெரியும், சோப்பு வாங்கினாலும் எடைக்கு விலை வகுத்துப் பார்த்துத்தான் எடுப்பேன். அதே மாதிரி ஒவ்வொரு பிளேடின் விலையையும் பல்லால் வகுத்தேன். ஐம்பத்தாறு பல் பிளேடு ஒன்றுதான் பல்லுக்கு மிகக் குறைந்த விலையில் வந்தது. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு, நகை வாங்கினவள் மாதிரி பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்பா கூடத்தில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிளேடை மடியில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை எந்தக் கணக்குல வாங்கின என்றார். சொன்னேன். பல்லுக்கு இவ்வளவு என்று விலை வகுத்ததையும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்ததே பார்க்கணும், விழுந்ததற்கு அப்புறம் முதல் தடவை, தோள் வலிக்க வலிக்கச் சிரித்தார், இடது கையால் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏம்மா, பல்லை எண்ணியா ரம்பம் வாங்குவாங்க, உங்கப்பா என் பல்லை எண்ணித்தான் உன்னைக் கட்டிக் குடுத்தாரா என்றார். எண்ணியிருந்தால் கட்டிக் கொடுத்திருக்க மாட்டார் என்றேன். இன்னும் சிரித்தார். அப்புறம் எனக்குப் புரிய வைக்கிற மாதிரி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார், அந்த வார்த்தையை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். இத்தனை பல்லு பிளைவுட்டு மாதிரி ஒட்டுப் பலகைக்கும், மரத்தைக் குறுக்கே அறுக்கிறதுக்கும்தான், ஓரம் பிசிறடிக்காம வரும், நெட்டுவாக்குல நாரோட போக்குலயே கிழிக்கணும்னா பல்லு கம்மியா இருக்கணும், நாரு நூல் நூலா வரும், அது போறதுக்குப் பல்லுக்கு நடுவுல குழி வேணும், எடமில்லைன்னா தூள் உள்ளேயே சுத்திச் சுத்தி சூடேறி, எவன் தள்ளினாலும் பிளேடு நகராது, மரம் கருகித்தானே போகும் என்றவர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். எழுந்து பட்டறைப் பக்கம் பார்த்தார். நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன்.

தரையில் கிடந்த மிஷினை எடுத்து, ஒயரைப் பிடுங்கியாகிவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பிளேடை வெளியே இறக்கிப் பல்லை எண்ணினார். நாற்பத்தெட்டு. ஒட்டுப் பலகைக்கென்று கம்பெனியே மாட்டி அனுப்பிய பிளேடு. தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதேம்பாங்க, நான் பாத்திருக்கணும் என்றார். அவருக்கு இது தெரியாத பாடம் இல்லை, கைரம்பம் பிடித்த காலத்திலேயே தெரியும், ஆனால் புகை வந்ததும் குற்றத்தைத் தூக்கித் தன் தோள்மேல் போட்டுக்கொண்டார், விழுந்து எழுந்த மனுஷனுக்கு எது கோணலாகப் போனாலும் தன் கைதான் காரணம் என்று தோன்றுகிறது. நான் பல்லை எண்ணி முட்டாள்தனமாக வாங்கியதால் அவர் எனக்குப் பாடம் சொல்ல வேண்டி வந்தது, சொல்லும்போது தன் வாயாலேயே தன் கையை விடுதலை செய்துகொண்டார். கண்ணைக் கொடு என்று நான் ஆண்டவனிடம் கேட்டேன், அவன் எனக்குக் கண்ணைக் கொடுக்காமல் குருட்டுக் கணக்கைக் கொடுத்து வேலையை முடித்திருக்கிறான், இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

மறுநாள் இரண்டு பேரும் கடைக்குப் போனோம். ஆஸ்பத்திரியைத் தவிர அவர் வெளியே கிளம்பியது அன்றைக்குத்தான். மிஷினையே ஒரு பையில் போட்டு நான் தூக்கிக்கொண்டேன், எங்கே இடிபட்டுவிடுமோ என்று பஸ்ஸில் என்னைவிட அதைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார். டேப்பு எழுந்து நின்று கும்பிட்டு, மாஸ்டர், உங்க வீட்டம்மா நேத்து என் கடைக்கே கணக்கு வாத்தியார் ஆயிட்டாங்க என்றார். நெட்டுவாக்கில் கிழிக்கிற பிளேடு என்றதும் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், பல் கம்மிதான், நான் பணத்தை எடுக்கப் போனேன். அப்பா, பொறு, பொருந்தணும் என்றார். மிஷினில் பிளேடுக்குப் பின்னால் அதே வளைவில் ஒரு மெல்லிய தகடு நிற்கிறது, அறுத்த பிளவு திரும்ப மூடி பிளேடைக் கவ்விக்கொள்ளாமல் இருக்க அது காவல். பல்லோட அகலம் இந்தத் தகட்டைவிடக் கூட இருக்கணும், பிளேடோட உடம்பு தகட்டைவிட மெலிசா இருக்கணும் என்று சொல்லி, டேப்பிடம் அளக்கிற கருவியை வாங்கி அளந்தார். டேப்பு கொடுத்த பிளேடின் பல் தகட்டைவிட ஒடுக்கம், அறுத்த வழியில் காவலே நுழைய முடியாமல் முட்டி நிற்குமாம். இன்னொன்று எடுத்தார், நடு ஓட்டை பெரிசு, ஒரு வளையம் போட்டுக்கலாம் மாஸ்டர் என்றார், வளையத்தை அப்பா போட்டுப் பார்த்தார், ஆடியது, என் தோளே போதும், ஆடுறது இன்னொண்ணு வேணாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்றாவது எல்லா அளவும் சரியாக வந்தது. எனக்கு எண் எங்கே கண்டாலும் படிக்கிற வியாதி, பிளேடில் பொடி எழுத்தில் ஒரு எண், மிஷினின் வயிற்றில் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு எண், நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று. பிளேடின் எண் சின்னது. மிஷின் இவ்வளவு வேகமாகச் சுற்றும்போது இது தாங்குமா என்று கேட்டேன். இரண்டு பேரும் பிளேடைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். அப்பா அதை எடுத்து எட்ட வைத்தார். டேப்பு தலையைச் சொறிந்துகொண்டே, மாஸ்டர், இனிமே அம்மாவைத் தனியா அனுப்பாதீங்க, சேர்ந்தும் வராதீங்க என்றார்.

அப்போதுதான் எனக்குச் சுவரில் இருந்த பல் கொட்டின தாத்தா நினைவுக்கு வந்தார். அதைக் காட்டுங்கள் என்றேன். தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். வட்டம் சரி, ஓட்டை ஆடாமல் உட்கார்ந்தது, உடம்பு காவல் தகட்டைவிட மெலிசு, பல் அதைவிட அகலம், வேகத்தின் எண் மிஷினுடையதைவிடப் பெரிசு, அதை நானே வாசித்தேன். அப்பா கடைசியாக ஒன்று பார்த்தார். தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டி இருக்கிறது, முதல் ஓட்டத்தில் பிளேடே அதை வெட்டிக்கொள்ளுமாம், அதற்குப் பிறகு அந்த ஓரம் எங்கேயோ அங்கேதான் வெட்டு விழும். பழைய பிளேடும் புதுசும் ஒரே அகலம் வெட்டினால்தான் அந்த ஓரத்தை நம்பலாம், இல்லையென்றால் பட்டி பொய் சொல்லும். இரண்டையும் அளந்தார், ஒரே அகலம். பிளேடை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்து, இவன்தான் என்றார். ஒரு மரத்தை நேராக அறுப்பதற்குள் ஒன்றோடு ஒன்று எத்தனை பொருந்த வேண்டியிருக்கிறது என்று எனக்குப் பிரமிப்பாக இருந்தது. பத்தில் ஒன்பது பொருந்தினால் போதாதாம், அந்த ஒன்றுதான் ஆளைக் கொல்லும் என்கிறார். நாமெல்லாம் சும்மா ஒரு மேஜையில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போகிறோம்.

நான் சொல்ல வந்ததே இனிமேல்தான். அடுத்த நாள் காலை, வெயில் பட்டறைக் கதவு வழியாகப் பலகையின்மேல் விழுகிற நேரம். நான் குளித்துக் கும்பிட்டுவிட்டு வந்து தூசி இழுக்கிற குழாயைப் பிடித்துக்கொண்டேன், கண்ணாடி மாட்டிக்கொள்ளச் சொன்னார், மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை கழிவில் இல்லை, கோட்டிலேயே வைத்தார். வலது கை கைப்பிடியில், இடது கை முன்னால். அழுத்தினார். அந்த அலறல் வரவில்லையம்மா. கீழ்க்குரலில் ஒரே சுருதியாக, தம்பூரா மாதிரி ஒரு சத்தம். மிஷின் தானாகப் போவது போலப் போயிற்று, அவர் அதைத் தள்ளவில்லை, கூட நடந்தார். அவ்வளவுதான், கைக்குழந்தையை நடை பழக்குகிறவர் பின்னாலேயே போவாரே, அப்படி. கரி இல்லை, புகை இல்லை, பச்சையாக ஒரு மரவாசனை எழுந்து பட்டறை முழுக்க நின்றது, குழாய்க்குத் தப்பிய தூளைக் கையில் எடுத்துப் பார்த்தேன், மாவாக இல்லை, சிறு சிறு நாராக, கம்பளி நூல் வெட்டிப்போட்ட மாதிரி இருந்தது. அவர் தோள் உயரவே இல்லை, தாழ்ந்தே இருந்தது. பலகையின் கடைசிக்கு வந்ததும் கைப்பிடியை விட்டார், பிளேடு வயிற்றுக்குள் போய் ஒளிந்துகொண்டது, சத்தம் அடங்கியது. அடுத்த பலகையையும் அப்படியே.

எதிர்வீட்டார் வந்து இரண்டு ஓரத்தையும் சேர்த்து வைத்தார்கள். நான் ஒரு பக்கம் டார்ச் அடித்தேன், அப்பா மறுபக்கம் குனிந்து பார்த்தார், ஒரு நூல் வெளிச்சம் வரவில்லை. பிறகு ஈரத்துணியால் நடுவில் ஒரு முழத்துக்குத் துடைத்து, இங்க வந்து பாரு என்றார். மரத்தின் ரேகை எல்லாம் எழுந்து வந்தது. இந்தப் பலகையில் கிளம்பின ரேகை அந்தப் பலகையில் போய் முடிகிறது, இரண்டு கையை விரித்து ஒட்டி வைத்தால் ரேகை எதிரெதிரே ஓடுமே அந்த மாதிரி, தேன் நிறமும் அதற்குள் ஒரு சிவப்பும், தண்ணீர் தேங்கி அசைகிற மாதிரி ஒரு மினுக்கும். அந்த மரத்தடியில் நீ சைக்கிள் நிறுத்தியிருக்கிறாய், நான் உனக்காக நின்றிருக்கிறேன், எத்தனையோ பேர் மழைக்கு ஒதுங்கியிருப்பார்கள், ஒருத்தருக்கும் தெரியாமல் அது இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. பார்க்க ஆளே இல்லாத இடத்தில் இப்படி வரைந்து வைத்திருக்கிறானே, அவனுக்கு என்ன அவசியம் என்று நினைத்தேன். பக்கத்தில் கிடந்த கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா, என்னாச்சு என்றார். ஒன்றுமில்லை, நாரின் போக்கிலேயே போனால் கடவுள்கூட எதிர்த்துக்கொள்வதில்லை என்றேன். இதை ஏதாவது பிரசங்கத்துல போய்ச் சொல்லு, எனக்குத் தண்ணி குடு என்றார்.

நூலகத்து அம்மா சாயந்திரம் வந்தார். பலகையைத் தொடவில்லை, அதன்மேல் உள்ளங்கையைக் காட்டியபடி கொஞ்ச நேரம் நின்றார், அடுப்பில் சூடு பார்க்கிற மாதிரி. உங்களால முடியாதோன்னு நான் கேக்காம இருக்கலை, உங்களுக்கு வலிக்குமோன்னுதான் கேக்கலை என்றார் அப்பாவிடம். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சரிங்கம்மா சரிங்கம்மா என்றார், உன் சரிம்மா எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மிஷின் வாங்குகிறவரும் சொன்ன மாதிரியே வந்துவிட்டார். அப்பா அவரை உட்காரச் சொல்லி, காப்பி கொடுக்கச் சொல்லி, மூலையில் இருந்த கரி பிடித்த கழிவுத் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, விக்கிறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு என்றார். அவர் நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே அதை மோந்து பார்த்தார்.

ஆக, நீ கேட்டதற்குப் பதில் இதுதான் தங்கம். நாங்கள் வருவோம், மேஜை முடிந்ததும் வருவோம், விருந்தாளியாக வந்து ஒரு மாசம் இருந்து உன் சமையலில் குறை சொல்லிவிட்டுத் திரும்பி வருவோம். குடியிருக்க வரவில்லை என்று மனசு சங்கடப்படாதே. அப்பாவை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய், அவர் நிற்பதற்கு வேண்டியதை அனுப்பியதும் நீதான். நான் வாங்கின ஐம்பத்தாறு பல்லைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அப்பா விடவில்லை, மேஜையின் இரண்டு முனையையும் குறுக்கே அறுக்க அதுதான் வேணும், உன் பல்லுக்கும் வேலை வந்துடுச்சு என்கிறார். பல் கொட்டின தாத்தாவின் விலையை வீட்டுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்து, மருத்துவச் செலவில் எழுதியிருக்கிறேன்.

முடிக்கு வருகிறேன். ஈரத்தலையை நெருக்கப் பல் சீப்பால் இழுக்காதே, அது ஐம்பத்தாறு பல் பிளேடு மாதிரி, சிக்கை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து அறுத்துவிடும். அகலப் பல் சீப்பு வாங்கி, நுனியிலிருந்து மேலே வா. காலைச் சாப்பாட்டை விடாதே. மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று எழுது. படுக்கும் முன் இரண்டு பேரும் ஒரு நிமிஷமாவது கண்ணை மூடிக் கும்பிடுங்கள், எதைக் கேட்பது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டது ஒன்று கொடுத்தது ஒன்றாகத்தான் இருக்கும், அது சரியாகப் பொருந்தும். அந்த ரப்பர் பட்டி இன்னும் ஒரு சுருள் இருந்தால் அனுப்பு, மறந்துவிடாதே. தண்டவாளத்தின் நீளத்தை அப்பா அளந்து இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறார்.

நீங்கள் இரண்டு பேரும் எல்லா நலமும் பெற்று, ஒருவருக்கொருவர் பொருந்தி, நீண்ட நாள் வாழ ஆசீர்வதிக்கும்,

உன் அம்மா

பி.கு. என் கடிதத்தின் கடைசியில் அப்பா எப்போதும் ஒரு வரி எழுதுவார், விழுந்ததற்கு அப்புறம் வந்த மூன்று கடிதத்திலும் அந்த இடம் காலியாக இருந்ததை நீ கவனித்திருப்பாய், கேட்கவில்லை. இன்றைக்குத் தாளை அவரிடம் கொடுத்திருக்கிறேன். மரத்தில் கோடு போடுகிற பென்சிலால் எழுதியிருக்கிறார், அழிந்துவிடாமல் பார்த்து மடி.

உன் ரயில் நல்லா ஓடுது. அப்பா.